ஓ2 அரீனால தி 1975 ஷோ: கீழ நின்னு பாக்கறதா, மேல உக்காந்து பாக்கறதா?

நீலக்குடை:
வணக்கம் மக்களே, லண்டன்ல இருக்கறவங்க யாராவது கொஞ்சம் வழி சொல்லுங்க. அடுத்த மாசம், அதாவது 2024 பிப்ரவரில, ஓ2ல தி 1975 ஷோ, அந்த "ஸ்டில் அட் தேர் வெரி பெஸ்ட்" டூர். என் ஃப்ரெண்டுக்கு இந்த பேண்டுன்னா உசிரு, இந்த டூர் முடிஞ்சதும் ரொம்ப நாளைக்கு மேடை ஏற மாட்டோம்னு பாடகர் மேட்டி ஹீலி 2023 செப்டம்பர்ல மேடையிலேயே சொல்லிட்டதால இந்த தடவை விட்டா அவ்ளோதான்னு ஒரே புலம்பல். டிக்கெட் ரெண்டு விதமா கிடைக்குது. ஒண்ணு ஃப்ளோர் ஸ்டாண்டிங், இன்னொண்ணு லெவல் 4ல, அதாவது உச்சாணில, ஆனா மேடைக்கு நேர் எதிர்ல.

நான் இதுவரைக்கும் பாத்த லைவ் எல்லாம் சின்ன ரூம்தான், முன்னூறு பேர் நின்னா நிறைஞ்சிடும், பாடறவங்க வேர்வை நம்ம மேல தெறிக்கற தூரம். அது எனக்கு ரொம்ப பிடிக்கும். பாட்டெல்லாம் எனக்கும் நல்லா தெரியும், அதுல பிரச்சனை இல்ல. ஆனா இந்த டூர் வீடியோ பாத்தா மேடைல ஒரு முழு வீடே கட்டி வச்சிருக்காங்க, சோஃபா இருக்கு, மாடிப்படி இருக்கு, டிவி இருக்கு, மனுஷன் சிகரெட் புடிச்சிட்டு தனக்குத்தானே பேசறாரு, பச்சைக்கறி சாப்பிடறாரு, டிவிக்குள்ள போய் மறைஞ்சுடறாரு. இது கச்சேரியா நாடகமா? நாடகம்னா மூஞ்சி தெரியணும்ல, 20,000 பேர் உக்கார்ற எடத்துல கடைசி வரிசைல இருந்து ஒருத்தர் சோஃபால உக்காந்து முனகறத பாத்து என்ன புரியப்போகுது? போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மேல்மாடிக்காரி:
யோசிக்கவே யோசிக்காதீங்க, லெவல் 4, நேர் எதிர்ல. எல்லாரும் கிட்டக்க போனாதான் நல்லா இருக்கும்னு நினைப்பாங்க, வேற எந்த பேண்டா இருந்தாலும் நானும் அதையேதான் சொல்லுவேன், ஆனா இந்த ஷோவுக்கு மட்டும் இல்ல. காரணம் சொல்றேன்.

அந்த செட்டுங்கறது ஒரு வீட்ட நடுவுல வெட்டி முன்பக்க சுவர எடுத்துட்டா எப்படி இருக்குமோ அப்படி. கீழ ஹால், பக்கத்துல ரூம், சுத்திப் போற படிக்கட்டு, ஜன்னல், கதவு, மேல கூரை. ஒரே நேரத்துல அஞ்சு எடத்துல ஏதோ நடந்துட்டு இருக்கும். ஆடம் ஹான் ஒரு மூலைல கிட்டார் வாசிச்சிட்டு இருப்பாரு, ராஸ் இன்னொரு பக்கம் பேஸ், ஜார்ஜ் டேனியல் டிரம்ஸ்ல, ஜான் வா (John Waugh) சாக்ஸஃபோன எடுத்துட்டு வரும்போது கூட்டமே கத்தும், மேட்டி இவங்க நடுவுல ரூம் ரூமா நடந்துட்டே பாடுவாரு. ஃப்ளோர்ல முன்னாடி நின்னா உங்க நேர்ல இருக்கற ஒரு ரூம் மட்டும்தான் தெரியும், மிச்சதுக்கு கழுத்த திருப்பிட்டே இருக்கணும், முன்னாடி நிக்கறவங்க கையில போன் வேற.

நான் 2023 ஜனவரில இதே ஓ2ல இதே வீட்டு செட்டோட பாத்தேன், மேல உக்காந்து. ஆரம்பத்துல படத்துக்கு டைட்டில் போடற மாதிரி ஒவ்வொருத்தர் பேரா ஸ்க்ரீன்ல வரும், அவங்க ஒவ்வொருத்தரா வீட்டுக்குள்ள வருவாங்க. மேலேர்ந்து பாக்கும்போது அந்த பிரம்மாண்டமான இருட்டுக்கு நடுவுல ஒரே ஒரு வீடு மட்டும் மஞ்சளா வெளிச்சமா இருக்கும். எல்லாரும் சேர்ந்து பக்கத்து வீட்ட எட்டிப் பாக்கற மாதிரி. ஒரு அரீனாவ பெருசாக்கிக் காட்ட எல்லாரும் லேசரு நெருப்புன்னு போறப்ப இவங்க அத ஒரு ஹால் சைசுக்கு சுருக்கிட்டாங்க, அது மேலேர்ந்துதான் தெரியும்.

அன்னிக்கு ராத்திரி நடுவுல டெய்லர் ஸ்விஃப்ட் வந்து பாடினாங்க, யாருக்கும் தெரியாது, எந்த அறிவிப்பும் இல்ல. அத சொல்லணும்னு தோணிச்சு, அவ்ளோதான், உங்க நாளுக்கும் யாராவது வருவாங்கன்னு எதிர்பாக்காதீங்க!

வயர்சுத்தி:
நான் தியேட்டர்ல லைட்டிங் பக்கம் வேலை பாக்கறவன், அதனால அந்த "நாடகம்னா மூஞ்சி தெரியணும்ல"ங்கற கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன், ஏன்னா அதுதான் இதுல நல்ல கேள்வி.

மூஞ்சி தெரியாது, உண்மை. ஓ2ல பின்பக்க உச்சில உக்காந்தா மேடைக்கும் உங்களுக்கும் 80 மீட்டருக்கு மேல இருக்கும், மனுஷன் கட்டவிரல் உயரம்தான். அதனால அரீனால நடிக்கறவங்க மூஞ்சிய நம்பி நடிக்க முடியாது, ரெண்ட நம்பணும். ஒண்ணு உடம்பு இருக்கற இடம். சோஃபால சரிஞ்சு கிடக்கறது, கூரை மேல ஏறி உக்காந்துக்கறது, வாசல்ல நிக்கறது, இதெல்லாம் மூஞ்சியே இல்லாம புரியும். கூத்துல அடவ வச்சே யாரு வர்றதுன்னு கடைசி ஆளுக்கும் தெரியற மாதிரிதான். ரெண்டாவது கேமரா. இந்த ஷோவ ஒரு டிவி நிகழ்ச்சிய ஷூட் பண்ற மாதிரிதான் அமைச்சிருக்காங்க, மேட்டி பாதி நேரம் கூட்டத்த பாத்து பாட மாட்டாரு, கேமராவ பாத்து பாடுவாரு. ரெண்டு பக்கமும் இருக்கற பெரிய ஸ்க்ரீன்ல அந்த க்ளோசப் வரும். அதனால நீங்க ஒரே நேரத்துல நாடகத்தையும் பாக்கறீங்க, அத எப்படி படமா எடுக்கறாங்கங்கறதையும் பாக்கறீங்க. 2022 நவம்பர்ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல இதே ஷோவ அமேசான் நேரலையா காட்டினாங்க, அத வீட்ல உக்காந்து பாத்தவங்களுக்கு ஏதோ ஸ்பெஷலா எடுத்த படம் மாதிரியே இருந்ததுக்கு காரணம் இதுதான், செட்டே ஃப்ரேமுக்குன்னு கட்டினது.

வடிவமைச்சவர் டோபியாஸ் ரைலண்டர்னு ஒருத்தர், ஸ்வீடன்காரர், இந்த பேண்டோட ரொம்ப வருஷமா வேலை செய்யறாரு. முன்னாடி டூர்கள்ல எல்லாம் நியான் சட்டம், எல்ஈடி தூண், கலர் கலரா பெட்டி பெட்டியா வெளிச்சம்னு இருக்கும், பாத்திருப்பீங்க. அதையெல்லாம் ஓரங்கட்டிட்டு சாதாரண டேபிள் லாம்ப், ஸ்டாண்டிங் லாம்ப்னு மேடைல வச்சாங்க பாருங்க, எங்க பாஷைல அதுக்கு ப்ராக்டிகல்னு பேரு, அதாவது செட்டுக்குள்ளயே ஒரு பொருளா இருந்துட்டு நிஜமாவே எரியற விளக்கு. ஒரு அரீனால ப்ராக்டிகல வச்சு ஒரு மூட கொண்டுவர்றது லேசான வேலை இல்ல, ஏன்னா 80 மீட்டர் தள்ளி இருக்கறவனுக்கு அந்த லாம்ப் வெளிச்சம் தனியா பத்தவே பத்தாது, மேலேர்ந்து நிஜ ஸ்டேஜ் லைட்ட அதே மஞ்சள் டோன்ல, லாம்ப்லேர்ந்துதான் வருதுன்னு நீங்க நம்பற கோணத்துல போட்டு ஏமாத்தணும். அந்த ஏமாத்து வேலைய பாக்கறதுக்காகவே நான் டிக்கெட் வாங்குவேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சைடு பிளாக் வாங்கிடாதீங்க. சாதாரண கச்சேரிக்கு பக்கத்துல உக்காந்தா ஒரு குறையும் இல்ல, ஆனா இங்க வீட்டுக்கு சுவர் இருக்கு, பக்கத்துலேர்ந்து பாத்தா பாதி ரூம் சுவருக்கு பின்னாடி போயிடும்.

குதிக்கும்கூட்டம்:
ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் ஆனா பாதி ஷோவ பத்திதான் பேசறாங்க. அந்த வீட்டு நாடகம் முதல் பாதி மட்டும்தான் நண்பா. முதல் பாதில 2022 அக்டோபர்ல வந்த அஞ்சாவது ஆல்பம் பாட்டுதான் பெரும்பாலும், கொஞ்சம் மெதுவா, கொஞ்சம் சோகமா போகும். அப்புறம் மத்தவங்கல்லாம் போயிடுவாங்க, மேட்டி மட்டும் தனியா. நீங்க பாத்த அந்த பச்சைக்கறி, தண்டால், அடுக்கி வச்ச டிவில அரசியல்வாதிங்க மூஞ்சி ஓடறது, கடைசில டிவிக்குள்ள ஊர்ந்து போறது எல்லாம் அந்த இடைவெளிலதான். அதுக்கப்புறம் வர்றது முழுக்க முழுக்க கச்சேரி, நாடகம் கிடையாது, பழைய ஹிட்டு ஒண்ணு மேல ஒண்ணா, மூச்சு விட டைம் கிடையாது.

அந்த ரெண்டாவது பாதிய லெவல் 4ல உக்காந்து பாக்கறது எனக்கு ஒத்துக்காது. அங்க சரிவு ரொம்ப செங்குத்து, எழுந்து நிக்கலாம், ஆனா முன்னாடி வரிசை ஆளோட தலை உங்க முட்டிகிட்ட இருக்கும், குதிக்கவே பயமா இருக்கும். ஃப்ளோர்ல 16 வயசுலேர்ந்து 40 வயசு வரைக்கும் எல்லாரும் ஒரு வரி விடாம கத்திப் பாடும்போது மேடைல என்ன நடக்குதுன்னே மறந்து போயிடும், அந்த கூட்டத்துக்குள்ள நிக்கறதுதான் ஷோ. சின்ன ரூம் கச்சேரி பிடிக்கும்னு சொல்றீங்க, அந்த உணர்ச்சி அரீனால கிடைக்கணும்னா ஃப்ளோர்லதான் கிடைக்கும், அதுவும் முன்னாடி போய் நசுங்க வேணாம், சவுண்ட் டெஸ்க் பக்கத்துல பின்னாடி நில்லுங்க. சவுண்ட் இன்ஜினியர் அங்க நின்னு கேட்டுதான் மிக்ஸ் பண்றாரு, அதனால சத்தம் ரொம்ப சுத்தமா இருக்கும், ஓரளவுக்கு மொத்த வீடும் கண்ணுக்குள்ள அடங்கும், குதிக்கறதுக்கு எடமும் இருக்கும்.

நீலக்குடை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா சொல்லுவீங்கன்னு நினைக்கல. குதிக்கும்கூட்டம் சொன்ன சவுண்ட் டெஸ்க் ஐடியா நல்லாதான் இருக்கு, ஆனா என் ஃப்ரெண்டு அஞ்சடி கூட இல்ல, முன்னாடி ஒரு உயரமான ஆள் வந்து நின்னா அவளுக்கு மொத்த ராத்திரியும் ஒரு முதுகுதான்.

இன்னொரு கேள்வி. அந்த தனியா இருக்கற நேரத்துல மேட்டி பண்றது நடிப்பா நிஜமா? வீடியோல பாக்கறப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, உதவி தேவைப்படற ஒரு மனுஷன வேடிக்கை பாக்கறோமோன்னு. ஃப்ரெண்டு கிட்ட கேட்டா "அது அப்படித்தான்"ங்கறா.

மேல்மாடிக்காரி:
உங்களுக்கு ஒரு மாதிரி ஆனது தப்பே இல்ல, அதுதான் அந்த சீனோட வேலையே. நான் இத நிறைய யோசிச்சிருக்கேன், ஏன்னா போதைப்பழக்கத்துலேர்ந்து மீண்டு வந்தத பத்தி அந்த ஆள் வெளிப்படையா பேசியிருக்காரு, அதனால மேடைல மது ஃபிளாஸ்க எடுத்து குடிக்கறப்ப நமக்கு பதறும்.

ஆனா பாருங்க, அது ஊருக்கு ஊரு அதே பாட்டுக்கு அப்புறம், அதே டிவி முன்னாடி, அதே வரிசைல நடக்குது. லைட் அந்த நேரத்துக்கு மாறுது, கேமரா அந்த கோணத்துக்கு முன்னாடியே போய் நிக்குது. ஒருத்தர் நிஜமாவே நொறுங்கும்போது கேமராமேன் தயாரா நிக்க மாட்டாரு. அவரோட அம்மா டெனிஸ் வெல்ச், அப்பா டிம் ஹீலி, ரெண்டு பேருமே பிரிட்டன்ல எல்லாருக்கும் தெரிஞ்ச நடிகர்கள், நடிப்பு என்னங்கறத வீட்லயே பாத்து வளந்தவரு. அவர் அங்க காட்டறது ஒரு பாத்திரம்னுதான் நான் எடுத்துக்கறேன். போன்லயும் டிவிலயும் நாள் பூரா யாரோ ஒருத்தன் "ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்"னு கத்தறத கேட்டு கேட்டு உள்ளுக்குள்ள அழுகிப்போன ஒருத்தன். கறி தின்னுட்டு தண்டால் எடுக்கறது அந்த கத்தலுக்கு அவன் குடுக்கற பதில். ஜிம்மு, பச்சைக்கறி, கோவம்னு ஆன்லைன்ல ஒரு கூட்டமே இருக்குல்ல, அது தெரிஞ்சவங்களுக்கு அந்த அஞ்சு நிமிஷம் பேச்சே இல்லாம எல்லாத்தையும் சொல்லிடும். கடைசில அந்த டிவிக்குள்ளயே போயிடறான், வெளிய வர வழி இல்லாம.

எனக்கு சில பாட்ட விட அந்த பாட்டில்லாத நேரம்தான் பிடிச்சிருந்தது. 20,000 பேர் இருக்கற எடத்துல சட்டுன்னு எல்லாரும் அமைதியாகி ஒருத்தர் தனியா உக்காந்து டிவி பாக்கறத பாத்துட்டு இருந்தாங்க. வேற எந்த பாப் கச்சேரிலயும் இத நான் பாத்ததில்ல.

பந்தாய்வாசி:
மலேசியாலேர்ந்து எழுதறேன். இந்த பேண்டோட பாட்டு எனக்கும் பிடிக்கும், நாடகம் பத்தி சொன்னதெல்லாம் ஒத்துக்கறேன், ஆனா ஒண்ணு சொல்லணும். 2023 ஜூலைல இங்க செபாங்ல நடந்த இசைத் திருவிழால மேட்டி மேடையிலேயே இங்கத்த ஓரினச்சேர்க்கை சட்டத்த திட்டிட்டு ராஸுக்கு முத்தம் குடுத்தாரு, பாதிலேயே ஷோ நின்னுச்சு, மறுநாள் மிச்ச ரெண்டு நாள் திருவிழாவையும் அரசாங்கம் ரத்து பண்ணிடுச்சு. சட்டம் மோசமான சட்டம்தான், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா அவர் விமானம் ஏறி போயிட்டாரு, இங்க இருக்கற குயர் ஆளுங்கதான் அதுக்கப்புறம் இன்னும் பயந்து வாழ வேண்டியிருந்துச்சு, அத அவங்களே அப்ப எழுதினாங்க. அந்த மேடைக்காக எத்தனையோ மாசம் ஒத்திகை பாத்த உள்ளூர் பேண்டுங்களுக்கும் வாய்ப்பு போச்சு.

லண்டன்ல செட்டுக்குள்ள பண்ற கலாட்டாவுக்கு எல்லை இருக்கு, விளக்கு போட்டா முடிஞ்சிடும். வேற ஒருத்தரோட நாட்டுல பண்றதுக்கு அந்த எல்லை கிடையாது. நீலக்குடை, போங்க, நல்லா பாருங்க, எனக்கு இதுல கோவம் இல்ல. "அவர் பண்றதெல்லாம் நடிப்புதான்"னு மட்டும் எடுத்துக்காதீங்கன்னு சொல்ல வந்தேன்.

மேல்மாடிக்காரி:
@பந்தாய்வாசி இத எழுதினதுக்கு நன்றி. இங்க அத நிறைய பேர் தைரியம்னு மட்டும்தான் பேசினாங்க. அந்த செட்டுக்கு உள்ள, வெளியங்கற வித்தியாசம் எனக்கு யோசிக்க வேண்டிய விஷயமா இருக்கு.

வடகடலோடி:
நான் லண்டன்லதான், ஓ2க்கு அடிக்கடி போறனான். நாடகம், கலை எல்லாம் மற்றாக்கள் சொல்லிட்டினம், நான் போய் வாற விசயம் சொல்லுறன் தங்கச்சி, அதுவும் முக்கியம்.

நோர்த் கிரினிச் ஸ்டேசன், ஜூபிலி லைன். போறது சுகம், வாறதுதான் பாடு. ஷோ முடிய ஒரே நேரத்தில 20,000 சனமும் அந்த ஒரு ஸ்டேசனுக்குத்தான் வரும், வாசல்ல மறிச்சு மறிச்சுத்தான் உள்ள விடுவினம். உங்கட நாள் வார நாள் எண்டா நைட் டியூப் (ராத்திரி முழுக்க ஓடுற சுரங்க ரயில்) இல்லை, அது வெள்ளி, சனி ராத்திரிக்கு மட்டுந்தான், அதால கடைசி டிரெயின் நேரத்த முதலே பாத்து வையுங்கோ. இன்னொரு வழி, பக்கத்திலயே ஆத்தில தேம்ஸ் கிளிப்பர் படகு இருக்கு, நிகழ்ச்சி நாளில ராத்திரியும் ஓடும், முதலே டிக்கெட் எடுத்து வச்சா சனத்துக்குள்ள நசியாம இருந்து போகலாம். காசு கொஞ்சம் கூடத்தான்.

பை ஏ4 பேப்பர் சைசுக்கு மேல இருந்தா உள்ள விடமாட்டினம், வேலையால நேரா லாப்டாப் பையோட போயிடாதேங்கோ. டிக்கெட் ஏஎக்ஸ்எஸ் ஆப்ல போன்லதான் வரும், அதால போன்ல சார்ஜ் இருக்கவேணும், வாசல்ல வச்சு டவுன்லோட் பண்ணலாம் எண்டு நினைக்கவேண்டாம், அங்க சனம் கூட, சிக்னல் இழுக்கும். வேற ஆரிட்டயும் டிக்கெட் வாங்கிறதெண்டா ட்விக்கெட்ஸ் எண்ட சைட்ட பாருங்கோ, அங்க போட்ட விலைக்கு மேல விக்க ஏலாது. வெளியில நிண்டு விக்கிறாக்களிட்ட வாங்கவே வாங்காதேங்கோ.

லெவல் 4க்கு எஸ்கலேட்டர்ல ஏறிப் போகவேணும், ஏறிப்போய் கதவால உள்ள போகேக்க கீழ பாத்தா தலை சுத்தும். உயரம் ஒத்துவராத ஆள் எண்டா அந்த லெவல்லயே முன்வரிசையா பாத்து எடுங்கோ, பின்வரிசை இன்னும் செங்குத்து.

வயர்சுத்தி:
வடகடலோடி அண்ணா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கங்க. காதுக்கு ப்ளக் வாங்கிக்கங்க, பஞ்சு இல்ல, மியூசிக்குக்குன்னே விக்கற ஃபில்டர் வச்ச ப்ளக். சத்தத்த எல்லா ஃப்ரீக்வன்சிலயும் ஒரே அளவு குறைக்கும், அதனால பாட்டு கெடாது, மறுநாள் காதுல ரீங்காரம் இருக்காது.

அப்புறம் மேல பின்னாடி உக்காந்தா டிரம்ஸ் குச்சி விழறதுக்கும் சத்தம் உங்களுக்கு கேக்கறதுக்கும் கொஞ்சம் இடைவெளி இருக்கற மாதிரி தெரியும். ஒலி நொடிக்கு கிட்டத்தட்ட 343 மீட்டர்தான் போகும், 80 மீட்டர் தாண்டி வர்றதுக்கு ஏறக்குறைய கால் நொடி ஆயிடும், வெளிச்சம் உடனே வந்துடும். முதல் ரெண்டு பாட்டுக்கு உறுத்தும், அப்புறம் மனசே சரி பண்ணிக்கும். ஸ்க்ரீன்ல வாய் அசையறதும் சத்தமும் ஒட்டாத மாதிரி இருந்தா பேண்டு பின்னணில ஓடவிட்டு வாயசைக்கறாங்கன்னு சில பேர் எழுதறாங்க, அப்படி இல்ல, தூரம்தான்.

நீலக்குடை:
லெவல் 4 எடுத்துட்டேன், நேர் எதிர் பிளாக், முன்வரிசை இல்ல ஆனா முன்வரிசைக்கு பக்கம்தான். ஃப்ரெண்டு முதல்ல மூஞ்சிய தூக்கி வச்சிருந்தா, மேல்மாடிக்காரி எழுதினத படிச்சு காட்டினதும் சரின்னுட்டா, பந்தாய்வாசி எழுதினதையும் படிச்சா, அத பத்தி ராத்திரி ரொம்ப நேரம் பேசிட்டிருந்தோம். படகுக்கும் டிக்கெட் போட்டாச்சு. கடைசியா ஒண்ணு, முன்னாடி பாடறவங்களுக்காக சீக்கிரம் போகணுமா, இல்ல ஆபீஸ் முடிச்சு மெதுவா வந்தா போதுமா?

குதிக்கும்கூட்டம்:
சீக்கிரம் போங்க! முன்னாடி வர்றது தி ஜாப்பனீஸ் ஹவுஸ். பேர பாத்து பேண்டுன்னு நினைச்சுக்காதீங்க, ஆம்பர் பெய்ன்னு ஒரே ஆள், இங்கிலாந்துக்காரங்க, 1975 பாட்ட வெளியிடற லேபிள் டர்ட்டி ஹிட்லயேதான் இருக்காங்க, ஜார்ஜ் டேனியல் இவங்க பாட்டு சிலதுக்கு தயாரிப்பாளரா வேலை பாத்திருக்காரு. குரல் மேல குரலா அடுக்கி அடுக்கி பாடறவங்க, நீங்க சொன்ன சின்ன ரூம் கச்சேரிக்கு ஏத்த பாட்டுதான் எல்லாமே, அத அவ்ளோ பெரிய எடத்துல, பாதி சீட் காலியா இருக்கறப்பவே கேக்கலாம், அவங்களுக்கு முழு கூட்டம் கிடைக்காதது எனக்கு ஒவ்வொரு தடவையும் வருத்தமா இருக்கும். ஆபீஸ்ல கொஞ்சம் முன்னாடியே கெளம்ப முடியுமான்னு கேட்டு பாருங்க.